நாற்பது வயது சீகோ 6309: மூன்று வருடம் கட்டிப் பார்த்த பிறகு

மூன்று வருடமாக என் இடது கையில் இருக்கிறது சீகோ 6309-7040. பழைய டைவிங் வாட்ச் சேகரிக்கிறவர்களிடம் "ஆமை" என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். கேஸ், அதாவது வாட்ச்சின் வெளிக்கூடு, ஆமை ஓடு மாதிரி உருண்டு அகன்று இருப்பதால் வந்த பெயர். என்னிடம் இருப்பது 1983 நவம்பரில் செய்தது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், வாங்கிக் கட்டினால் தினசரி எப்படி இருக்கும் என்று விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாடலை வாங்க நினைக்கிற பத்துப் பேரில் பாதிப் பேர் முதல் தடவை தவறான ஒன்றைத்தான் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அந்த முதல் வாட்ச் ஆன்லைனில் 7,500 ரூபாய்க்குக் கிடைத்தது. போட்டோவில் கடையிலிருந்து நேற்று வந்தது மாதிரி மின்னியது. டயல் கருகருவென்று, கண்ணாடியைச் சுற்றியிருக்கிற வளையமான பெசல் கருகருவென்று, கேஸில் ஒரு கீறல் கிடையாது. "முழுக்க ஒரிஜினல், சர்வீஸ் செய்தது" என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்ததும் கட்டினேன், இரண்டு நாள் சந்தோஷமாகவே இருந்தேன். மூன்றாம் நாள் கரண்ட் போன நேரத்தில் டயலைப் பார்த்தால் பச்சையாக எரிகிறது, விடிகாலை நாலு மணிக்கும் எரிகிறது. 1980களில் செய்த வாட்ச் அப்படி எரியவே முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, கேஸும் மூடியும் மிஷினும் மட்டும்தான் சீகோ" என்றார். டயல், முட்கள், பெசல், கண்ணாடி, பக்கவாட்டில் இருக்கிற சாவி எல்லாமே வெளியில் செய்த டூப்ளிகேட் பாகங்கள். கேஸ் ஒரிஜினல்தான், ஆனால் பாலிஷ் போட்டுப் போட்டு சோப்புக்கட்டி மாதிரி தேய்ந்திருந்தது.

இதற்கு சேகரிப்பவர்கள் மத்தியில் வைத்திருக்கிற பெயர் "பிராங்கன்". நம் நாட்டில் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்கிற வாட்ச்களுக்கு "மும்பை ஸ்பெஷல்" என்ற பெயரும் ரொம்ப நாளாகவே உண்டு. ரோலெக்ஸில் முழு வாட்ச்சையே போலியாகச் செய்வார்கள். பழைய சீகோவில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. உண்மையான வாட்ச் ஒன்று இருக்கும், அதன் பாதி உடம்பு மாறியிருக்கும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். பின்மூடியைப் பார்த்துவிட்டு "ஒரிஜினல்தான்" என்று நிம்மதியானால் மாட்டிக்கொள்வோம்.

வாட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு சோதனைக்கு வருகிறேன். ஜப்பானின் முதல் டைவிங் வாட்ச் 1965ல் சீகோ செய்தது, 62மாஸ் என்பார்கள், 150 மீட்டர் ஆழம் தாங்கும். 1968ல் 6105 வந்தது. அதற்கு அடுத்ததாக 1976ல் வந்ததுதான் இந்த 6309, 1988 வரைக்கும் செய்தார்கள். 7040 என்பது உலகம் முழுக்க விற்றது, 7049 அமெரிக்காவுக்குப் போனது, உருவம் ஒன்றுதான். ஜப்பானுக்குள் மட்டும் 6306 என்று தனி மிஷின் போட்டு, 21 கல் (சக்கரங்களின் அச்சு தேயாமல் சுற்ற மிஷினுக்குள் வைக்கிற சின்னக் கற்கள்) வைத்து விற்றார்கள், அது கிடைப்பதே அரிது, விலையும் வேறு மாதிரி. 6309ல் 17 கல், மணிக்கு 21,600 துடிப்பு, கை ஆட்டத்தில் தானே சாவி ஏறும், கையால் சாவி கொடுக்க வழியே இல்லை. பன்னிரண்டு வருடம் விடாமல் செய்ததால் நிறைய சுற்றுகின்றன. விலைக்குள் அடங்குவதும் அதனால்தான், இவ்வளவு டூப்ளிகேட் பாகம் வருவதும் அதனால்தான்.

இது பணக்காரர்கள் கட்டிய வாட்ச் கிடையாது. வேலைக்காரர்களின் வாட்ச். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டு லீவில் வருகிறவர்கள் கையில் சீகோ இருந்த காலம் நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் வைத்திருப்பதும் அப்படி வந்ததுதான். மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு பெரியவர், ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியன் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர், 1984ல் அங்கேயே புதிதாக வாங்கியது. நண்பர் ஒருவர் மூலமாகத் தெரிந்து, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

போட்டோ மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, ரூபாய் நோட்டைச் சோதிக்கிற சின்ன யு.வி. டார்ச் ஒன்று, அவ்வளவுதான் கொண்டுபோனேன்.

முதலில் பின்மூடி. நடுவில் அலை சுருண்டு எழுகிற படம் இருக்கும், சுற்றி எழுத்துகள், மாடல் எண், ஆறு இலக்க சீரியல். சீரியலின் முதல் எண் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. பெரியவரின் வாட்ச்சில் 3என் என்று தொடங்கியது. 1976க்கும் 1988க்கும் நடுவில் 3ல் முடிகிற வருடம் ஒன்றுதான், 1983. முதல் எண் 6, 7, 8 என்று வந்தால் மட்டும் குழப்பம், 76ஆ 86ஆ என்று அதை வைத்தே சொல்ல முடியாது, மற்ற பாகங்களைப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும். 1983 நவம்பரில் செய்தது 1984ல் ஷார்ஜா கடையில் விற்றது என்றால் கணக்கு சரியாக உட்கார்கிறது. அவர் சொல்கிற கதையும் மூடி சொல்கிற கதையும் ஒன்றாக இருந்ததே எனக்குப் பாதி நம்பிக்கை கொடுத்துவிட்டது.

அப்புறம் கிழமை. சீகோவில் கிழமை வளையத்தில் இரண்டு மொழி இருக்கும், ஒன்று ஆங்கிலம், இன்னொன்று எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த நாட்டு மொழி. சாவியை ஒரு படி இழுத்து ஒரு பக்கம் திருப்பினால் தேதி ஓடும், மறுபக்கம் திருப்பினால் கிழமை ஓடும். திருப்பினேன், ஆங்கிலத்துக்கு அடுத்து அரபி வந்தது. ஷார்ஜாவில் வாங்கிய வாட்ச்சில் அரபிதான் வரவேண்டும். என் பழைய 7,500 ரூபாய் வாட்ச்சில் ஸ்பானிஷ் வந்தது, அதை விற்றவரோ துபாயிலிருந்து வந்தது என்று சொல்லியிருந்தார். அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாதுதான், ரிப்பேரில் வளையம் மாறியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

டயலுக்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் அரை மணிக்கு மேல். லென்ஸை வைத்து ஆறு மணி இடத்துக்குக் கீழே, டயலின் விளிம்பிலேயே பாருங்கள், பொடி எழுத்தில் ஜப்பான் என்றும் அதையடுத்து 6309-704 என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரிதான் தெரியும். ஒரிஜினலில் அந்தப் பொடி எழுத்துகூட ஊசியால் எழுதியது மாதிரி தெளிவாக இருக்கும். டூப்ளிகேட்டில் எழுத்தே இருக்காது, இருந்தாலும் மை ஊறித் தடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சீகோ என்கிற பெரிய எழுத்திலும் இதே வித்தியாசம் உண்டு, ஆனால் கண்ணுக்குப் பழக்கம் வரவேண்டும். பழக்கம் வருகிற வரைக்கும் அந்தக் கீழ் விளிம்பை நம்புங்கள்.

இப்போது ரேடியம். இருட்டில் ஒளிர்கிற எதையும் நாம் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான ரேடியம் 1960களோடு வாட்ச் தொழிலிலிருந்து போய்விட்டது. அதற்குப் பிறகு சுவிஸ்காரர்கள் டிரிடியம் போட்டார்கள், டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் டி என்ற எழுத்து இருக்குமே, அது அதற்கான அடையாளம். டிரிடியத்தின் வீரியம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். எனவே 1970களின் ரோலெக்ஸ் சப்மரைனர் ஒன்று இன்றைக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் அதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இன்றைய வாட்ச்களில் இருக்கிற, ஒளியைக் குடித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எரிகிற பொருள் 1993ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்தது. 6309 செய்து முடித்ததோ 1988ல். ஆகவே விடிய விடிய எரிகிற 6309ன் டயலோ, அதில் இருக்கிற ரேடியமோ, ஏதோ ஒன்று புதிது. என் முதல் வாட்ச்சைக் காட்டிக்கொடுத்தது இந்த ஒரு விஷயம்தான்.

பெரியவர் வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொல்லி யு.வி. டார்ச்சை அடித்தேன். அடிக்கும்போது மங்கலாக ஒரு மினுக்கம், டார்ச்சை அணைத்த நொடியில் செத்துப்போனது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், முகம் வாடிவிட்டது. "தம்பி, ரேடியம் எல்லாம் எப்பவோ போயிடுச்சு, இருட்டுல தெரியாது, அதுக்காக வேணும்னா ரெண்டாயிரம் குறைச்சுக் கொடுங்க" என்றார். அவர் குறையாக நினைத்தது எனக்குச் சான்றிதழாக இருந்தது. "ஐயா, இது இப்படி இருக்கிறதனாலதான் வாங்குறேன், குறைக்க வேண்டாம்" என்று சொல்லி விஷயத்தை விளக்கினேன். முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் முகம் தெளிந்தது.

வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் புள்ளிகள் பழைய வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தன. முட்களில் இருப்பதும் அதே நிறம். இதை நன்றாகக் கவனியுங்கள்: டயலின் புள்ளி பழுப்பாகவும் முள் வெள்ளையாகவும் இருந்தால் முள் மாறியிருக்கிறது. என் வாட்ச்சில் இரண்டு மணிப் புள்ளியின் ஓரத்தில் கடுகு முனை அளவுக்குக் கறுப்பாக ஒரு பூஞ்சைப் பொட்டு இருக்கிறது, எப்போதோ கொஞ்சம் ஈரம் உள்ளே போனதற்கு அடையாளம். அது எனக்குப் பிடித்திருக்கிறது. நாற்பது வருடம் ஆன பொருளில் எல்லாப் பாகமும் நாற்பது வருடத்துக்கு உரிய மாதிரி தெரிய வேண்டும், ஒன்று மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இவ்வளவு நாள் சேகரித்ததில் நான் கற்றுக்கொண்டது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பெசல் விஷயத்திலும் அதே கதை. கறுப்பு அலுமினிய வளையம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது, பதினைந்து நிமிடக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டுக் கீறல், அடியில் வெள்ளி தெரிகிறது. டூப்ளிகேட் வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் பலரும் ஒரிஜினலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டுவிடுகிறார்கள், மனசு பொறுக்காத காரியம். தெரியாதவர்களுக்கு இன்னொன்று: இதில் பெசல் இரண்டு பக்கமும் சுற்றும். இப்போதைய டைவிங் வாட்ச்களில் ஒரு பக்கம்தான் சுற்றும், கை பட்டுத் தவறுதலாக நகர்ந்தாலும் தண்ணீருக்குள் இருந்த நேரம் குறைவாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக. இந்த 6309ல் அந்த ஏற்பாடு இல்லை, ஆகவே இரண்டு பக்கமும் சுற்றுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

கேஸைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். மேல்பரப்பு மெல்லிய கோடுகளோடு மங்கலாக இருக்கும், பக்கங்கள் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டும் சேருகிற இடத்தில் விளிம்பு நறுக்கென்று தெரியவேண்டும். பாலிஷ் மிஷினில் வைத்துத் தேய்த்தால் முதலில் போவது அந்த விளிம்புதான், போனால் திரும்ப வராது. டயலைத் தேடி வாங்கிவிடலாம், முள்ளைத் தேடி வாங்கிவிடலாம், தேய்ந்த கேஸுக்கு வழியே இல்லை. கீறல் நிறைய இருக்கிறதா, சந்தோஷமாக வாங்குங்கள்.

மிஷினுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. சாவியைக் கடைசி வரை இழுங்கள். 6309ல் விநாடி முள் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் உள்ளே இருப்பது வேறு மிஷின். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது, பிறகு வந்த 7எஸ்26 மிஷினும் நிற்காத வகைதான். கையால் சாவி ஏறினாலும் அது 6309 கிடையாது. முடிந்தால் திறந்து பார்த்துவிடுவது நல்லது, 6309ஏ என்று உள்ளே எழுதியிருக்கும். அதே மிஷினைச் சாதாரண சீகோ வாட்ச்களிலும் போட்டிருக்கிறார்கள் என்பதால் எண் சரியாக இருந்தாலும் இடம் மாறி வந்த மிஷினாக இருக்கலாம். அது பெரிய பாவம் இல்லை, விலையில் தெரிந்தால் போதும்.

பெரியவர் கேட்டது 28,000 ரூபாய். கொடுத்தேன். அதன் மேல் சர்வீஸுக்கு 3,500. சாவி மட்டும் ஒரிஜினல் இல்லை, 90களில் மாற்றினேன் என்று அவரே சொல்லிவிட்டார். ரப்பர் ஸ்ட்ராப் காய்ந்து கையில் எடுத்ததும் உடைந்தது, அதைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி, தினமும் கட்டுவதைப் பற்றி. அகலம் 44, 45 மில்லிமீட்டர் என்று கேட்டதும் பயப்படுகிறார்கள். என் மணிக்கட்டு ஒல்லிதான், ஆனால் ஸ்ட்ராப் மாட்டுகிற கால்கள் கேஸை விட்டு வெளியே நீளாமல் அடக்கமாக இருப்பதால் கையை மீறித் தெரியவில்லை. 40 மில்லிமீட்டர் வாட்ச் சிலவற்றைவிட இது நன்றாக உட்காருகிறது என்பேன். சாவி நாலு மணிப் பக்கத்தில் இருப்பதால் புறங்கையில் குத்தாது. முழுக்கைச் சட்டை போட்டால் மட்டும் பட்டனுக்குள் போக மறுக்கும், கனமும் உண்டு, சாயங்காலம் கழற்றும்போது கை லேசாகிறது. ஸ்ட்ராப் மாற்றும்போது ஸ்ட்ராப்பைக் கேஸோடு பிடித்து வைக்கிற கம்பி, அதாவது ஸ்பிரிங் பார், அதில் சாதாரணமானதைப் போட்டுவிடாதீர்கள், சீகோ டைவிங் வாட்ச்சுக்குத் தடிமனான பார் தனியாக உண்டு, மெல்லியதைப் போட்டால் துளைக்குள் ஆடி ஆடி ஒருநாள் வாட்ச் கீழே விழும்.

நேரம்? சர்வீஸுக்குப் பிறகு நாளைக்குப் பன்னிரண்டு விநாடி வேகமாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை சரிசெய்கிறேன். விநாடி முள்ளை நிறுத்த முடியாததால் துல்லியமாக வைக்க முடியாது, சுமாராகத்தான் வைக்க வேண்டும், இது எனக்குக் கொஞ்சம் குறைதான். இரண்டு நாள் கட்டாமல் வைத்தால் நின்றுவிடும், எடுத்து மெதுவாக ஆட்டினால் ஓடத் தொடங்கும். ராத்திரியில் மணி பார்க்க உதவாது, அதைச் சொல்லியாயிற்று.

150 மீட்டர் என்று டயலில் எழுதியிருப்பதை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள். அந்த உறுதி 1983ல் புது வாஷரோடு கொடுத்தது. நான் வாஷர் எல்லாம் மாற்றி வைத்திருக்கிறேன், கை கழுவுவேன், மழையில் போவேன், அதற்கு மேல் இல்லை. கடலில் குளிக்க வேண்டும் என்றால் சீகோவே 2010களின் நடுவில் இதே ஆமை உருவத்தில் மறுபடி வெளியிட்டதே, அதை வாங்குங்கள். 200 மீட்டர், விநாடி முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம், இருட்டில் அருமையாக எரியும். நல்ல வாட்ச், ஒரு வாட்ச் மட்டும் வைத்துக்கொள்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். பழையது வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறவருக்கு மட்டும் 6309.

அப்படி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் நாலு போட்டோ கேளுங்கள்: ஆறு மணி இடத்தைக் கிட்டத்தில் எடுத்தது, கேஸைப் பக்கவாட்டில் எடுத்தது, மூடி திறந்து மிஷினை எடுத்தது, லைட்டை அணைத்துவிட்டு டயலை எடுத்தது. கடைசிப் போட்டோவைக் கேட்டதும் பதில் போடாமல் போனவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

வாஷர் மாற்றுவதற்காகப் போன வாரம் மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தேன். திருப்பி வாங்கும்போது, "பெசல் ரொம்ப வெளுத்துப் போச்சே தம்பி, கறுப்பா புதுசு ஒண்ணு இருக்கு, போட்டுடட்டுமா, காசு வேணாம்" என்று அன்பாகத்தான் கேட்டார். வேண்டாம் அண்ணே, அப்படியே கொடுங்க என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.